கோணல் தடம்

கைபேசி கீழே விழுந்தால் என்ன உடைந்தது என்று எடுத்துப் பார்த்த நொடியே தெரிந்துவிடும். கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் தப்பித்திருக்கும். டேப் போட்டு ஓட்டும் கேம்கார்டர் அப்படியில்லை. விழுந்த கேமராவை எடுத்துத் துடைத்து ஆன் செய்தால் ஆன் ஆகும். லென்ஸ் வழியாகப் படம் தெரியும். ஜூம் போகும், வரும். “ஒண்ணும் ஆகல”ன்னு எல்லோரும் மூச்சு விடுவார்கள். கேசட்டைப் போட்டு ஓடவிடும்போதுதான் உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றி, நின்று, மறுபடி சுற்றி, மறுபடி நிற்கும். கேசட் வெளியே வராது. அல்லது வரும், ஆனால் வாயில் நூடுல்ஸ் தொங்குவதுபோல நாடாவை இழுத்துக்கொண்டு வரும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. விழுந்த பிறகும் கேமரா எந்தக் குறையும் இல்லாமல் ஓடுவது. அதுதான் என்னைக் கடந்த சில வருடங்களாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் 1950-களுக்குப் போய்விட்டு வர வேண்டும்.

ஒலியை நாடாவில் பதிவது அப்போதே பழகிப்போன விஷயம். அசையாத ஒரு காந்தத் தலை, அதை உரசிக்கொண்டு ஓடும் நாடா, அவ்வளவுதான். ஒலிக்கு நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரை பதிந்தால் போதும். தொலைக்காட்சிப் படத்துக்கோ நொடிக்குப் பல லட்சம். அதே முறையில் படத்தைப் பதிய நாடாவைப் பேய் வேகத்தில் ஓட்ட வேண்டும். பிபிசி பொறியாளர்கள் உண்மையிலேயே ஓட்டினார்கள். ‘வெரா’ என்று அவர்கள் பெயரிட்ட இயந்திரத்தில் நாடா நொடிக்கு 200 அங்குலம், அதாவது ஐந்து மீட்டருக்கு மேல் ஓடியது. வண்டிச் சக்கரம் மாதிரி ரீல். அவ்வளவு பெரிய ரீலுக்குப் பதினைந்து நிமிடப் படம்தான் கிடைத்தது. 1958-இல் அதைத் தொலைக்காட்சியில் பெருமையாகக் காட்டினார்கள், கொஞ்ச காலத்தில் ஓரமாக வைத்தும்விட்டார்கள்.

ஏனென்றால் இரண்டு வருடம் முன்பே அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனம் வேறொரு கதவைத் திறந்திருந்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு சிறு குழு. பின்னாளில் டால்பி ஒலியால் உலகமே அறிந்த ரே டால்பி அப்போது அதில் ஓர் இளைஞர். நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாகத் தலையைச் சுழற்றலாம் என்பதுதான் அவர்கள் பிடித்த வழி. இரண்டு அங்குல அகல நாடா நிதானமாக நகரும். நான்கு தலைகள் பொருத்திய ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று நாடாவைக் குறுக்காகக் கீறிக்கொண்டே போகும். 1956 ஏப்ரலில் சிகாகோவில் காட்டினார்கள். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி சிபிஎஸ் தன் இரவுச் செய்தியை நாடாவில் பதிந்து, சில மணி நேரம் பின்தங்கிய மேற்குக் கடற்கரைக்கு மறுபடி ஒளிபரப்பியது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வெற்றியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பக்கம். அந்த முதல் இயந்திரங்களில் எந்தத் தலையால் பதிந்தார்களோ அந்தத் தலையால்தான் ஒழுங்காகத் திரும்பப் பார்க்க முடிந்தது. வேறு தலையைப் போட்டால் கோடுகள் பொருந்தாமல் படம் உடையும். நாடாவோடு அதைப் பதிந்த தலையையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டிய நிலை. கடிதத்தோடு எழுதிய பேனாவையும் அனுப்பினால்தான் படிக்க முடியும் என்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான். எல்லாத் தலைகளையும் ஒரே அளவில் செய்து, ஒரே அளவில் பொருத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஓர் ஊரில் பதிந்த நாடா இன்னோர் ஊரில் ஓடியது.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு வடிவமும் இந்த ஒரு வாக்குறுதியின் மேல்தான் நின்றது. இங்கே பதிந்தது அங்கேயும் ஓடும். வீடியோ கடைகள், வாடகைக் கேசட்டுகள், சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்த கல்யாண விஎச்எஸ் எல்லாமே அதை நம்பித்தான்.

வீட்டுக்கு வந்த இயந்திரங்கள் குறுக்காகக் கீறவில்லை, சாய்வாகக் கீறின. ஜெர்மனியில் டெலிஃபுங்கனின் எட்வர்ட் ஷூல்லரும் ஜப்பானில் தோஷிபாவின் நொரிகாசு சவாசாகியும் 1950-களில் தனித்தனியாக யோசித்த வழி அது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் ரிப்பன் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல நாடா ஓர் உலோக டிரம்மின் மேல் சரிவாகச் சுற்றிக்கொண்டு போகும். டிரம்முக்குள் தலைகள் சுழலும். நாடா சரிவாக இருப்பதால் தலை இழுக்கும் ஒவ்வொரு கோடும் நாடாவின் கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்புவரை நீளமான சாய்கோடாக விழும். இந்தக் கோட்டைத்தான் தடம் என்கிறேன். நாடா மெல்ல நகர்ந்தாலும் தலை வேகமாகக் கீறுவதால் படம் கொள்கிறது. சிறிய கேசட், சிறிய இயந்திரம் எல்லாம் இதனால்தான் சாத்தியமானது.

பிறகு சுருக்கும் போட்டி. 1967-இல் சோனியின் போர்ட்டபாக், தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போகக்கூடிய முதல் வீடியோ கருவிகளில் ஒன்று. அது பதியும், திரும்பக் காட்டாது. பதிந்த நாடாவை வேறொரு பெட்டியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 1983-இல் வந்த பீட்டாமூவி, கேமராவும் ரெக்கார்டரும் ஒரே உடலில் சேர்ந்த முதல் வீட்டுக் கருவி. அதுவும் அப்படியே. எடுத்த படத்தைத் தானே காட்டத் தெரியாது, வீட்டிலிருக்கும் பீட்டாமேக்ஸ் டெக்கில் போட வேண்டும். இதைக் குறையாகவே எல்லோரும் சொல்வார்கள், நியாயம்தான். அடுத்த வருடமே ஜேவிசி ஒரு சிறிய விஎச்எஸ்-சி கேமராவில் பதிவதையும் திரும்பப் பார்ப்பதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது (‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் வருகிற சிவப்பு கேமரா அதுதான்). 1985-இல் வீடியோ8, 1989-இல் பாஸ்போர்ட் அளவு என்று விளம்பரம் செய்யப்பட்ட 790 கிராம் ஹேண்டிகேம், 1995-இல் டிவி என்ற டிஜிட்டல் நாடா, அதன் குட்டிக் கேசட்டான மினிடிவி. நம் ஊர்களில் 2000-ஐ ஒட்டி கல்ஃபிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டிக்குள் துணி சுற்றி வந்து இறங்கியவற்றில் பாதி இந்த வகைதான். மீதி பர்மா பஜார்.

ஆனால் பீட்டாமூவியின் குறையில் ஒரு நல்லது ஒளிந்திருந்தது. அது கீழே விழுந்து உள்ளே ஏதாவது கோணினால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், ஏனென்றால் படத்தைப் பார்ப்பது வேறொரு இயந்திரம். தன் படத்தைத் தானே காட்டத் தெரிந்த கேமரா வந்ததும் இந்தச் சோதனை சத்தமில்லாமல் மறைந்துபோனது. நம் வீடுகளில் என்ன செய்தோம்? மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வைத்த ஒயரைக் கேமராவிலிருந்து நேராக டிவியில் சொருகினோம். பதிந்த கேமராவே காட்டவும் செய்தது. கோணலாக எழுதி, அதே கோணலோடு படித்துக்கொண்டிருந்தாலும் யாருக்குத் தெரியும்?

கோணல் என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பால் முறையில் விஎச்எஸ் தடம் ஒன்றின் அகலம் 49 மைக்ரான். வீடியோ8-இல் 34 சொச்சம். மினிடிவியில் பத்து. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆறேழு தடங்களைப் படுக்கவைக்கலாம். அதன் டிரம்மின் விட்டம் 21.7 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அது நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்று ஒவ்வொரு படச் சட்டகத்தையும் பன்னிரண்டு தடங்களாகப் பிரித்து எழுதுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நாம் கல்யாண மண்டபத்தில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பந்தியில் இலை போட்டோம்.

இனி விழுந்த கேமராவுக்குள் போகலாம். கேசட்டை உள்ளே வைத்ததும் ஒரு கூடை அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும். கேசட்டின் மூடி திறக்கும். டிரம்மின் இருபுறமும் இரண்டு சின்னக் கம்பங்கள், மெக்கானிக்குகள் பாஷையில் கைடு, நாடாவைக் கொக்கிபோட்டு இழுத்து வந்து டிரம்மைச் சுற்றிப் போடும். ஒரு ரப்பர் உருளை நாடாவை மெல்லிய எஃகுத் தண்டோடு அழுத்தும். அந்தத் தண்டு சுழல்வதால்தான் நாடா சீராக நகர்கிறது. இந்த நாடகம் முழுவதையும் இழுப்பது ஒரேயொரு சிறு லோடிங் மோட்டார், அதன் பின்னால் கடுகு கடுகாகப் பற்கள் வைத்த பிளாஸ்டிக் கியர்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைக் கேமராவின் மூளைக்குச் சொல்வது கியர்களோடு சேர்ந்து திரும்பும் ஒரு சுவிட்ச். மூளைக்குக் கண் கிடையாது, அந்தச் சுவிட்ச் சொல்வதுதான் வேதவாக்கு.

விழும்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் கூடைதான். மெல்லிய தகட்டில் கத்திரிக்கோல் மாதிரி செய்த கைகள், கொஞ்சம் வளைந்தாலும் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும். பூட்டாது. மோட்டார் மூன்று முறை முயன்றுவிட்டு நின்றுவிடும். இந்த இடத்தில் நம் மக்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு: கட்டைவிரலால் அழுத்துவது. கூடையில் ‘புஷ்’ என்று எழுதிய இடத்தில் மட்டும் மெல்ல அழுத்த வேண்டும், வேறெங்கே அழுத்தினாலும் வளைந்தது இன்னும் வளையும். விழுந்ததில் போனதைவிட விழுந்த பிறகு அழுத்தியதில் போன கேமராக்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கியர். அடி விழுந்த வேகத்திலோ யாரோ நெம்பிய வேகத்திலோ ஒரு பல் தாண்டிவிடும். ஒரேயொரு பல். அப்போது சுவிட்ச் ஒன்று சொல்லும், கம்பங்கள் வேறொரு இடத்தில் இருக்கும். நாடாவை இன்னும் உள்ளே இழுக்காமலே ‘இழுத்தாச்சு’ என்று நம்பி மூளை டிரம்மைச் சுழற்றும், அல்லது நாடா டிரம்மைச் சுற்றிக் கிடக்கும்போதே கூடையைத் தூக்கப் பார்க்கும். நூடுல்ஸ் தொங்குவது இதனால்தான். ரீலைச் சுழற்றும் சிறு கியர் பிடிக்காவிட்டாலும் இதே கதை. நாடா நகர்கிறது, சுருட்டிக்கொள்ள ஆளில்லை, உள்ளே குவிகிறது. ரீல் சுற்றாததைச் சென்சர் கண்டுபிடித்து எல்லாவற்றையும் நிறுத்தி ஓர் எண்ணைக் காட்டும். சோனி ஹேண்டிகேம் வைத்திருந்தவர்களுக்கு ‘சி:31’ என்றால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். ‘சி:21’ என்றால் பயமில்லை, உள்ளே ஈரம் கோத்திருக்கிறது, கேசட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா வைத்தால் போதும்.

இதையெல்லாம் காதால் பிரித்தறியலாம். டிரம் சுழல்வது மெல்லிய விசில் மாதிரிக் கேட்கும். அந்த விசில் வந்துவிட்டுப் பிறகு நின்றால் டிரம் பிழைத்தது, கோளாறு ரீலிலோ உருளையிலோ. விசில் வருவதற்கு முன்பே கடகடவென்றால் கியர். டக்கென்று ஒரு சத்தத்தோடு முடிந்தால் கூடை. கேசட் உள்ளே மாட்டியிருந்தால் பாட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது, கூடை திறக்கும் பக்கம் தரையைப் பார்க்குமாறு கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து எஜெக்ட் அழுத்துவது, இந்த இரண்டும் நாட்டு வைத்தியம், பல நேரம் பலிக்கும். பலிக்கவில்லையென்றால் திறந்துதான் ஆக வேண்டும். லோடிங் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதன் கியரை இடுக்கியால் ஒவ்வொரு பல்லாகத் திருப்பினால் கம்பங்கள் பின்வாங்கும். அரை மணி நேரம் ஆகும். காபி ஆறிவிடும். திறந்த இயந்திரத்தை டேபிள் விளக்கின் கீழே வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவின் இரு முனைகளிலும் ஒளி புகும் ஒரு துண்டு உண்டு. அதன் வழியே வெளிச்சம் வந்தால் நாடா முடிந்ததென்று சென்சர் எடுத்துக்கொள்ளும். விளக்கு வெளிச்சமும் அதற்கு அதேதான். இல்லாத கோளாறைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இவையெல்லாம் தெரிகிற கோளாறுகள். தெரியாதது அந்த இரண்டு கைடுகள். நாடா டிரம்முக்குள் எந்த உயரத்தில் நுழைகிறது, எந்த உயரத்தில் வெளியேறுகிறது என்பதை முடிவுசெய்வது அவைதான். விழுந்ததில் ஒன்று இம்மியளவு சாய்ந்தால் நாடா நேராகப் போகாமல் சிறு வளைவோடு போகும். அப்போது எழுதப்படும் தடமும் வளையும். தடம் முழுவதும் ஒரே அளவு விலகினால் பிரச்சனையே இல்லை, தடத்தைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. வளைவைப் பிடிக்க ஏற்பாடு கிடையாது. நேரான கேமரா அந்த நாடாவைப் படிக்கும்போது தலை தடத்தின் நடுவில் சரியாக இருக்கும், ஓரத்தில் வழுக்கி அடுத்த தடத்துக்குப் போய்விடும். பழைய விஎச்எஸ்ஸில் என்றால் படத்தின் மேலேயோ கீழேயோ பனி பெய்யும். டிஜிட்டலில் கட்டம் கட்டமாக உடையும். ஒரு பட்டை நன்றாக, அடுத்த பட்டை உடைந்து, மறுபடி நன்றாக என்று ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் அது இரண்டு தலைகளில் ஒன்று அழுக்கடைந்தது, துடைத்தால் போகும், விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாப் பட்டையிலும் ஒரே ஓரம் உடைந்தால் கைடைச் சந்தேகப்படலாம்.

மினிடிவி தடத்துக்குள் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தடத்தைக் கண்டுபிடிக்கும் குறி, அடுத்து ஒலி, அதன்பின் நீளமாகப் படம், கடைசியில் நேரக் குறியீடு. எனவே தடத்தின் தொடக்கம் வளைந்திருந்தால் முதலில் போவது ஒலி. படம் பளிச்சென்று நிற்கும், பேச்சு வராது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது ஒரு நண்பன் வீட்டுக் கேமராவில்.

அவன் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பரணைச் சுத்தம் செய்யும்போது பையோடு கீழே விழுந்தது என்று கொண்டுவந்தான். உள்ளே ஒரு கேசட் சிக்கியிருந்தது, தனியாகப் பதினொரு கேசட். “ரிப்பேர்லாம் வேணாம்டா. உள்ள இருக்குறத எடுத்துக் குடு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு, போதும்” என்றான். சிக்கிய கேசட்டை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றை என்னிடமிருந்த இன்னொரு மினிடிவி கேமராவில் ஓட்டத் தொடங்கினேன். முதல் ஐந்தும் புத்தம்புதிதாக ஓடின. ஆறாவதிலிருந்து படம் இருந்தது, அங்கங்கே கட்டம் உடைந்தது, ஒலி மட்டும் இல்லை. இல்லை என்றால் முழு அமைதி இல்லை. அரை நொடி வரும், டிக்கென்று அறுபடும், இரண்டு நொடி போகும், ஒரு எழுத்து வரும். திண்ணையில் உட்கார்ந்து அவன் ஆச்சி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். சுற்றியிருப்பவர்களும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

ஆறிலிருந்து பதினொன்றுவரை இப்படியே. கேசட்டுகள் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே டப்பாவில் ஈரமில்லாமல் இருந்தவை. ஐந்தாவதன் மேல் 2003 ஜனவரி என்றும் ஆறாவதன் மேல் 2003 ஜூன் என்றும் எழுதியிருந்தது. நண்பனுக்கு போன் போட்டு நடுவில் கேமரா எங்கேயாவது விழுந்ததா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கொடுத்தான். “ஆமாய்யா, காதுகுத்துக்கு சேர்மேல வச்சிருந்தாவ. பிள்ளைக தட்டிவிட்டுட்டு. ஆனா அதுக்கு ஒண்ணும் ஆகலையே, அப்புறமும் நல்லாத்தானே ஓடிச்சு. ஆச்சி இருந்த வரைக்கும் அதுலதானே எடுத்தோம்” என்றார்கள்.

ஒண்ணும் ஆகலையே. அந்த நாளிலிருந்து கேமரா கோணலாக எழுதியிருக்கிறது. அந்தக் கோணலோடு படிக்கத் தெரிந்த இயந்திரம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது இப்போது என் மேஜைமேல் கேசட்டை விழுங்கிக்கொண்டு கிடக்கிறது.

ரிச்சி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இந்த வகை மெக்கானிசத்தை இன்னும் தொடுகிறவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் டெக் பார்த்தவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கூடையைப் பார்த்தார், கியரைப் பார்த்தார். “இது ரெண்டும் இப்ப விழுந்ததுல போனது. சரிபண்ணிரலாம்.” பிறகு பூதக்கண்ணாடியை வைத்து நுழைவுப் பக்கக் கைடைப் பார்த்தார். அடிப்பாகம் லேசாகச் சாய்ந்திருப்பதைக் காட்டினார். எனக்குச் சொன்ன பிறகும் தெரியவில்லை. “இது பழைய அடி. நான் பழக்கத்துல இதையும் நிமித்தி, ஸ்டாண்டர்ட் டேப் போட்டு செட் பண்ணித்தான் குடுப்பேன். நீ கேசட் கதைய சொன்னதால கேக்குறேன், தம்பி. நிமித்தவா, வேணாமா?”

யோசித்துப் பாருங்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த ஏழு கேசட்டின் குரலும் அத்தோடு போயிருக்கும். கேமரா புதிதுபோல ஓடியிருக்கும், நண்பன் நன்றி சொல்லியிருப்பான். இன்னொரு நேரான கேமராவின் கைடை வேண்டுமென்றே கோணி அதே கோணலுக்குக் கொண்டுவரலாம். நாடாக் காப்பகங்களில் வேலை செய்கிறவர்கள் அதைச் செய்வதுண்டு. ஆனால் அதற்குக் கருவியும் கையும் வேண்டும், எந்தப் பக்கம் எவ்வளவு என்று தேடித்தேடிப் போக வேண்டும், ஒவ்வொரு தேடலிலும் நாடா ஒருமுறை தேயும்.

கூடையை மட்டும் நிமிர்த்தினார். கியரைக் கழற்றி, பக்கத்துக் கியரிலிருந்த சிறு துளையோடு இதன் துளை நேராக நிற்குமாறு ஒரு பல் தள்ளி மாட்டினார். கைடின் பக்கமே போகவில்லை, துடைக்கக்கூட இல்லை. சிக்கிய கேசட்டின் நாடா இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. அதை விரலால் நீவாமல் அப்படியே ரீலில் சுருட்டி, புது ஓட்டுக்குள் மாற்றினோம். நுண்ணிய திருகுகள், ஒன்று மேஜைக்கு அடியில் போய் அரை மணி நேரம் தேடினோம்.

எனக்கிருந்த பயம், பரணிலிருந்து விழுந்ததில் அந்தக் கோணல் இன்னும் கோணியிருந்தால்? அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. முதலில் வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு நாடா கசங்காமல் வருகிறதா என்று பார்த்தோம். பிறகு 2003 ஜனவரி கேசட். படம் உடைந்தது, ஒலி அறுந்தது. அதைப் பார்த்து இருவருமே சிரித்துவிட்டோம், ஏனென்றால் அப்படித்தான் உடைய வேண்டும். நேராக எழுதியது கோணலில் ஓடக்கூடாது. அடுத்து ஆறாவது கேசட். ஆச்சியின் குரல் சத்தமாக, தெளிவாக, சேவல் கூவும் பின்னணியோடு வந்தது. சிரிக்க வைத்தது மருமகனின் மீசையைப் பற்றிய ஒரு கிண்டல். எழுதினால் அந்த வீட்டில் இன்னும் ஒருவருக்குக் கோபம் வரும்.

ஏழு கேசட்டையும் இரண்டு நாளில் இறக்கினேன். ஃபயர்வயர் சொருகும் துளை புது லேப்டாப் எதிலும் கிடையாது, அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். பதினொன்றாவதில் அங்கங்கே சில நொடிகள் ஒலி விட்டுவிட்டது, இரண்டாவது முறை ஓட்டியதில் பாதி கிடைத்தது. சிக்கியிருந்த பன்னிரண்டாவதில் மடிந்த இடங்கள் இரண்டும் போய்விட்டன, எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-இலேயே ‘டெட்லைன் 2025’ என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குள் எண்ணியமாக்கப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி மீளாது என்றது. நாடா அழிவது பாதிக் காரணம். அதை ஓட்டும் இயந்திரங்களும், அவற்றைச் செப்பனிடும் கைகளும் தீர்ந்துபோவது மீதி. 2016-இல் சோனி பீட்டா கேசட் விற்பதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜப்பானின் ஃபுனாய் கடைசி விசிஆர்களைச் செய்து முடித்தது. அந்த அறிக்கைகள் பேசுவதெல்லாம் தொலைக்காட்சி நிலையங்களின், காப்பகங்களின் நாடாக்களைப் பற்றி. அவர்களிடம் ஒரு நாடாவுக்குப் பத்து இயந்திரம் தேடலாம். வீட்டு நாடாக்களில் எத்தனை, ஒரே ஒரு விழுந்த கேமராவால் மட்டும் படிக்கப்படக்கூடியவை என்று யாரும் எண்ணியதில்லை. அந்தக் கேமராக்களைத்தான் நாம் முதலில் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம், கேசட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

அதனால் இப்போது யார் கேசட் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது கேமரா எங்கே என்றுதான். இருந்தால், எவ்வளவு அடிபட்டிருந்தாலும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன். அடுத்த கேள்வி, அது எப்போதாவது கீழே விழுந்ததா. “ஒருதடவை விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல” என்பதுதான் பெரும்பாலும் வருகிற பதில்.

நண்பனின் கேமரா இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கைடை நிமிர்த்தித் தருவதாக மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். போன மாதம் நண்பன் கூப்பிட்டான். சிவகாசியில் சித்தப்பா வீட்டு பீரோவில் இன்னும் மூன்று கேசட் கிடைத்ததாம், 2005 என்று எழுதியிருக்கிறதாம், தபாலில் போடச் சொல்லட்டுமா என்று கேட்டான். தபால் வேண்டாம், யாராவது வரும்போது கையில் கொடுத்துவிடச் சொல் என்றேன். இன்னும் வந்து சேரவில்லை.